தூதர் காத்திருந்த நகரம்

ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்தில், குவாதல்கிவீர் நதிக்கரையிலே, கார்டோவா என்னும் புராதன நகரம் இருக்கிறது. அங்கே செல்லும் யாத்திரிகர் அனைவரும் முதலில் பார்ப்பது அந்நகரின் பெரிய மசூதியைத்தான். 1236-ம் வருஷத்திலிருந்து அது கிறிஸ்தவ ஆலயமாக இருந்து வருகிறது. உள்ளே நுழைந்தால் தூண்கள், தூண்கள், மேலும் தூண்கள். அவற்றின்மேல் சிவப்பும் வெள்ளையுமாய் மாறி மாறி வரும் வளைவுகள். அந்தத் தூண் வனத்தில் சுற்றியலைந்து கழுத்து வலிக்க வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர், 'கார்டோவாவைப் பார்த்தாகிவிட்டது' என்று தீர்மானித்து ரயிலேறி விடுகிறார்கள். நாம் வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அதுவன்று. நகரத்துக்கு மேற்கே ஐந்து மைல் தூரத்தில், ஸியரா மொரேனா என்னும் மலைத்தொடரின் அடிவாரத்தில், பாதி மண்ணிலும் பாதி வெயிலிலுமாகக் கிடக்கும் ஒரு பாழ் நகரத்துக்கு நாம் போக வேண்டும். அதற்கு மதீனத்துஸ் ஸஹ்ரா என்று பெயர்.

சமவெளியில் காட்சிசாலை ஒன்று அடக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. 2009-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி பூமிக்குள்ளேயே புதைந்திருப்பதால், மலையை மறைக்காமல் நிற்கிறது. அங்கிருந்து சிறிய பஸ் ஒன்று பிரயாணிகளை மேலே கொண்டு விடுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நாம் நிற்பது நகரத்தின் உச்சியில். ஆகவே பழைய நாளில் தூதர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறிய ஊரை, நாம் மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே இறங்குகிறோம். இது ஒரு குறைதான். ஆயினும் கீழே விரிந்து கிடக்கும் நதிச் சமவெளியையும், தூரத்தில் வெண்மையாய்த் தெரியும் கார்டோவாவையும் பார்க்கிறபோது அந்தக் குறை மறந்து போகிறது.

மலைச்சரிவை மூன்று படிகளாக வெட்டி நகரம் அமைத்திருக்கிறார்கள். மேல்படியில் கலீபாவின் வாசஸ்தலம். அதையடுத்து மந்திரி பிரதானிகளின் இல்லங்களும் கச்சேரிகளும். நடுப்படியில் கொலுமண்டபமும் தோட்டங்களும். கீழ்ப்படியில் மசூதியும் ஜனங்களின் வீடுகளும். எல்லாவற்றையும் சுற்றி மதில். நீளம் ஏறக்குறைய ஒரு மைல். அகலம் அதில் பாதி. இதில் பத்தில் ஒரு பங்குதான் இதுவரை தோண்டப்பட்டிருக்கிறது. மற்றதன்மேல் புல் முளைத்திருக்கிறது. 1911-ம் வருஷத்தில் முதல் மண்வெட்டி விழும்வரையில், சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் இந்த இடத்தைப் 'பழைய கார்டோவா' என்று சொல்லி வந்தார்களாம். ஊரின் சொந்தப் பெயரே மறந்து போயிருந்தது.

இந்நகரத்தைக் கட்டியவர் மூன்றாம் அப்துர் ரஹ்மான். இவர் உமையா வம்சத்தவர். 912-ல், இருபத்தொரு வயதில், பாட்டனாருக்குப் பின் பட்டத்துக்கு வந்தபோது, இவருக்கு 'அமீர்' என்ற பட்டம்தான் இருந்தது. அதிகாரமும் கார்டோவாவைச் சுற்றியுள்ள பிரதேசத்தோடு சரி. பதினேழு வருஷ காலம் கலகக்காரரை ஒவ்வொருவராய் அடக்கிவிட்டு, 929-ல் தம்மைக் 'கலீபா' என்று பிரகடனம் செய்துகொண்டார். அப்போது பாக்தாதில் அப்பாஸிய கலீபா ஒருவர் இருந்தார். வட ஆப்பிரிக்காவிலோ பாத்திமியர்கள் தங்களையே உண்மையான கலீபாக்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒரே காலத்தில் மூவர். பட்டத்தை யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம். அதைப் பிறர் ஒப்புக்கொள்ள வேண்டாமா? 936-ம் வருஷ வாக்கில் இந்த மலைச்சரிவில் கட்டட வேலை தொடங்கியது அதற்காகத்தான் என்று நாம் நினைக்கிறோம். ஸஹ்ரா என்ற காதலியின் பெயரால் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. அழகான கதை. ஆனால் ஒரு பெண்ணைச் சந்தோஷப்படுத்த இத்தனை காவல் வாயில்களும் அணிவகுப்பு மைதானமும் வேண்டியதில்லை. இது வெளிதேசத்து ராஜாங்கத் தூதர்கள் வந்து பார்த்து, பிரமித்து, ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்வதற்கென்றே கட்டப்பட்ட ஊர்.

கிழக்குப் பக்கத்தில் மைதானத்தை நோக்கி நிற்கும் பெரிய வாயில் மண்டபத்தைப் பார்த்தால் இது விளங்கும். வரிசையாக இருந்த வளைவுகளில் சிலவற்றை மீண்டும் எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தூதர்கள் அங்கே குதிரையை விட்டு இறங்குவார்கள். பிறகு கல் பாவிய சரிவுப் பாதையில், திரும்பித் திரும்பி, மேலே ஏற வேண்டும். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. நாமும் ஏறினோம். இரு பக்கமும் உயர்ந்த சுவர்; அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாது. நமக்கே மூச்சு வாங்கிற்று. கனமான அங்கியணிந்து, காணிக்கைப் பேழைகளோடு, இரு புறமும் ஈட்டி பிடித்த சேவகர் நடுவே ஏறியவர்களின் நிலையை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்த வழியைப் பற்றி, பின்னாளில் வாழ்ந்த இப்னு அரபி என்ற ஸ்பானிய ஞானி ஒரு கதை சொல்லியிருக்கிறார். வடக்கேயிருந்து கிறிஸ்தவத் தூதர் சிலர் வந்தார்கள். கார்டோவா வாயிலிலிருந்து இந்நகரத்து வாயில் வரையில் தரையில் பாய் விரித்து, இரு மருங்கிலும் படைவீரரை நிறுத்தி, அவர்கள் உருவிப் பிடித்த வாட்கள் மேலே கூரைபோல் கூடும்படி செய்திருந்தார்கள். வழியில் ஆங்காங்கே பட்டாடை உடுத்த பெரியவர்கள் ஆசனங்களில் வீற்றிருந்தார்கள். தூதர்கள் ஒவ்வொருவரையும் கலீபா என்று எண்ணி விழுந்து வணங்க, "எழுந்திருங்கள், இவர் அவருடைய அடிமைக்கு அடிமை" என்று சொல்லப்பட்டது. கடைசியில் மணல் பரப்பிய ஒரு முற்றத்தில், முரட்டுத் துணி உடுத்து, தலை குனிந்து தரையில் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருக்கு முன்னே திருக்குர்ஆன், ஒரு வாள், எரியும் நெருப்பு. அவரே கலீபா. தூதர்கள் நடுங்கிப் போய், கேட்ட நிபந்தனைகளுக்கெல்லாம் கையெழுத்திட்டார்களாம். இதைக் கதை என்றே நாம் கொள்கிறோம். சொன்னவர் அப்துர் ரஹ்மான் இறந்து இருநூறு வருஷங்களுக்குப் பிறகு பிறந்தவர். பாதரச வாவி ஒன்று கொலுமண்டபத்தில் இருந்ததென்றும், அதை ஓர் அடிமை அசைத்தால் மண்டபம் முழுதும் மின்னலடித்து வந்தவர்கள் அஞ்சி நடுங்குவார்களென்றும் மக்கரி என்ற நூலாசிரியர் எழுதியிருப்பதும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். தோண்டியவர்களுக்கு அந்த வாவி அகப்படவில்லை.

ஆனால் அஞ்சாத தூதர் ஒருவர் வந்தார். அவருடைய வரலாறு கதையன்று. அவரை நேரில் அறிந்த ஒருவர் லத்தீனில் எழுதி வைத்த சரித்திரம். இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பு அதைத் தெரிந்துகொண்டு வந்தால், ஒவ்வொரு கல்லும் பேசும்.

விஷயம் இப்படித் தொடங்கிற்று. பிரான்ஸின் தென் கடற்கரையில் ப்ராக்ஸினேத்தும் என்ற இடத்தில், ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம் கடற்கொள்ளைக்காரர் கோட்டை கட்டிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் பிரயாணிகளைச் சூறையாடி வந்தார்கள். அவர்களை அடக்கக்கூடியவர் கார்டோவாக் கலீபா ஒருவரே என்று ஜெர்மன் மன்னர் ஓட்டோ கருதினார். கலீபாவும் ஓட்டோவின் நட்பை விரும்பினார். 950-ம் வருஷ வாக்கில் தம் ராஜ்யத்துப் பிஷப் ஒருவரைத் தலைவராக வைத்து ஒரு தூதுக் கோஷ்டியை அனுப்பினார். நல்ல தொடக்கம்தான். ஆனால் கலீபாவின் கடிதத்தில் கிறிஸ்தவ சமயத்தை இகழும் வாசகங்கள் இருந்தன. ஓட்டோவுக்குக் கோபம் வந்தது. தூதர்களை நெடுநாள் போகவிடாமல் நிறுத்தி வைத்தார். அதற்குள் அந்தப் பிஷப்பும் இறந்து போனார். பிறகு ஓட்டோ ஒரு பதில் எழுதச் செய்தார். இகழ்ச்சிக்கு இகழ்ச்சி, அதில் இஸ்லாத்தைத் தாக்கும் வாசகங்கள்.

இதை எடுத்துச் செல்ல ஆள் வேண்டுமே? போகிறவன் திரும்பி வருவது சந்தேகம் என்று எல்லோருக்கும் தெரியும். லோரேன் பிரதேசத்தில், மெட்ஸ் நகருக்கு அருகில், கோர்ஸ் என்ற மடம் இருந்தது. அங்கே யோவான் என்ற துறவி தாமாகவே முன்வந்தார். விரதம், உபவாசம், பிடிவாதம் மூன்றிலும் பேர் பெற்றவர். தம் சமயத்துக்காக உயிர் விடக் கிடைத்த சந்தர்ப்பமாகவே அவர் இதை எண்ணினார் என்பதில் சந்தேகமில்லை. 953-ல் புறப்பட்டு, ரோன் நதி வழியாக இறங்கி, பார்ஸிலோனா, தோர்த்தோஸா, ஸாரகோஸா வழியாகக் கார்டோவா வந்து சேர்ந்தார். அரண்மனையிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் ஒரு வீட்டில் அவரைத் தங்க வைத்தார்கள். போஜனத்துக்கும் உபசாரத்துக்கும் குறைவில்லை. கலீபாவின் தரிசனம் மட்டும் கிடைக்கவில்லை. கேட்டபோது, "எங்கள் தூதர்களை உங்கள் மன்னர் மூன்று வருஷம் நிறுத்தி வைத்தார், நீர் அதைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. ஒன்பது வருஷம்!

பழிவாங்குவதற்காகச் சொன்னதாக இது தோன்றும். உண்மை அதுவன்று. கடிதத்தின் உள்ளடக்கம் எப்படியோ ஊரில் கசிந்துவிட்டது. நபிகள் நாயகத்தைப் பழித்தவனுக்கு மரண தண்டனை என்பது அங்கே சட்டம். நூறு வருஷங்களுக்கு முன்பு, 850-க்கும் 859-க்கும் இடையில், இதே நகரத்தில் கிறிஸ்தவர் நாற்பத்தெட்டுப் பேர், பெரும்பாலோர் வலியச் சென்று நீதிபதியின் முன் இஸ்லாத்தைப் பழித்து, தலை இழந்திருந்தார்கள். அந்த நினைவு இரு தரத்தாருக்கும் மாறவில்லை. சட்டம் கலீபாவையும் விட்டு வைக்காது. இகழ்ச்சியைக் காதால் கேட்டும் தண்டிக்காமல் விட்டால் அரசருடைய உயிருக்கே ஆபத்து என்று அந்த லத்தீன் சரித்திரம் கூறுகிறது. சட்டம் உண்மையில் அவ்வளவு கடுமையாக இருந்ததோ இல்லையோ, கலீபாவின் இக்கட்டு தெளிவாகிறது. கடிதத்தை வாங்கிப் பிரித்தால் தூதரைக் கொல்ல வேண்டும். தூதரைக் கொல்லலாகாது என்பதோ, நபிகள் நாயகத்தின் காலத்திலிருந்தே முஸ்லிம் அரசர்கள் ஒப்புக்கொண்ட தர்மம். இலங்கையில் அனுமாரைக் கொல்லச் சொன்ன இராவணனுக்கு விபீஷணன் எடுத்துச் சொன்ன நியாயமும் இதுதானே! தர்மம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். கடிதத்தைப் பிரிக்காமலே இருப்பது ஒன்றுதான் வழி. ஆகவேதான் அந்தக் காத்திருப்பு.

கலீபா முதலில் ஒரு யூதரை அனுப்பினார். அவர் பெயர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத். அரண்மனை வைத்தியர்; சுங்க வரி அதிகாரி; அநேக பாஷைகள் அறிந்தவர். இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சில வருஷங்களுக்கு முன் கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி, தியோஸ்கோரிதீஸ் என்ற பண்டைக் கிரேக்கர் எழுதிய மூலிகை நூலைச் சித்திரங்களோடு கலீபாவுக்குக் காணிக்கையாக அனுப்பியிருந்தார். பார்க்கப் பரம அழகு. ஆனால் கார்டோவாவில் கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை! கலீபா மறுபடி எழுதிக் கேட்க, நிக்கலாஸ் என்ற துறவி 951-ல் வந்து சேர்ந்தார். அவரும் ஹஸ்தாயும் வேறு வைத்தியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, எந்தக் கிரேக்கப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறதென்று ஆராய்ந்து தீர்த்தார்கள். மருந்துச் செடிக்காக ராஜாங்கங்கள் தூது அனுப்பிக்கொண்ட அந்தக் காலத்தைப் பற்றி நம் பள்ளிப் புஸ்தகங்களில் ஒரு வரி கிடையாது. போர்களின் தேதியைப் பிள்ளைகள் பாராமல் ஒப்பிக்கிறார்கள். அவ்வளவோடு நம் சரித்திரக் கல்வி நின்று விடுகிறது.

ஹஸ்தாய் யோவானிடம் இனிமையாகப் பேசினார். அவ்வூர் ஜனங்களின் பழக்கவழக்கங்களையும், எங்கே எப்படிப் பேச வேண்டும் என்பதையும், சேவகர்களிடம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார். மெல்ல மெல்ல விசாரித்துக் கடிதத்தின் விஷயத்தையும் தெரிந்துகொண்டார். இதைக் கலீபாவிடம் கொண்டு போவது அபாயம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். இத்தனை நுண்ணறிவு படைத்தவனைத் தாம் பார்த்ததில்லை என்று யோவான் பிற்காலத்தில் சொல்வாராம். அந்தக் காலத்துக் கிறிஸ்தவத் துறவியின் வாயிலிருந்து ஒரு யூதரைப் பற்றி இப்படி வந்தது சாமானியமல்ல.

அடுத்தபடி ஒரு பிஷப் வந்தார். கலீபாவின் ஆட்சியில் வாழ்ந்த ஸ்பானியக் கிறிஸ்தவர். அவர் பெயரும் யோவான்தான். "காணிக்கைகளை மட்டும் கொடுத்துவிடும், கடிதத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்" என்பது அவர் யோசனை. துறவிக்கு வந்ததே கோபம்! ஒரு பிஷப் சொல்லும் வார்த்தையா இது என்றார். நீங்கள் விருத்தசேதனம் செய்து கொள்கிறீர்கள், அவர்களுக்காகச் சில உணவுகளைத் தள்ளுகிறீர்கள் என்று குற்றப் பட்டியல் வாசித்தார். பிஷப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தங்கள் நிலைமையை விளக்கினார். அன்னியர் ஆட்சியில் இருந்தபோதிலும் தங்கள் வேதத்தின்படி வாழ இடமிருக்கிறது. சமயத்துக்கு ஊறில்லாத காரியங்களில் அனுசரித்துப் போகிறோம். அப்படிப் போகாவிட்டால் இந்தச் சமூகம் பிழைக்காது. இதுதான் அவர் சொன்னதின் சாரம். இந்த இடத்தில் நம் அனுதாபம் முழுவதும் அந்தப் பிஷப்பிடத்தில்தான். துறவிக்கு இழப்பதற்கு ஓர் உயிர் இருந்தது. அதையும் அவர் பெரிதாக நினைக்கவில்லை. பிஷப்புக்கோ பல்லாயிரம் குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்களின்மேலேயே அடுத்த அம்பு பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் மட்டும் துறவியைப் பக்கத்துக் கோயிலுக்குக் காவலோடு அழைத்துப் போவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும் வழியில் ஒரு கடிதம் அவர் கையில் கொடுக்கப்பட்டது. ஓட்டோவின் கடிதத்தைக் கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் செய்தால், ஸ்பெயினில் ஒரு கிறிஸ்தவனையும் உயிரோடு விடுவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. அத்தனை பேரின் இரத்தப் பழியும் உம்மைச் சேரும் என்றும் கண்டிருந்தது. துறவி அன்று வெகுநேரம் சிந்தித்தார். பிறகு பதில் எழுதினார். என் மன்னர் இட்ட கட்டளையை நான் மாற்ற முடியாது. என் அங்கங்களை ஒவ்வொன்றாக அறுத்தாலும் மாற்ற மாட்டேன். மற்றவர்கள் மாண்டால் அந்தப் பழி கொல்லுகிறவரைச் சேரும்.

படிக்கும்போது நமக்கு ஏற்பட்டது வியப்பு மட்டுமல்ல, ஒருவித எரிச்சலுங்கூட. ஆனால் கலீபாவுக்கு எரிச்சல் வரவில்லை. வந்திருந்தாலும் அடக்கிக்கொண்டார். மிரட்டினால் இந்த மனிதர் மசிய மாட்டார் என்று தெரிந்தவுடனே, அவரையே யோசனை கேட்கச் செய்தார். "என்ன செய்யலாம், நீரே சொல்லும்." இது மிகப் பெரிய யுக்தி. துறவியும் ஒரு வழி சொன்னார். ஓட்டோ மன்னரிடம் ஓர் ஆளை அனுப்பி, இந்தக் கடிதத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டு வரட்டும். மன்னர் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம்.

மறுபடியும் ஆள் தேடும் படலம். போனால் என்ன நேருமோ என்று யாரும் முன்வரவில்லை. கலீபாவின் கச்சேரியில் ரெஸிமுண்டு என்ற எழுத்தர் இருந்தார். கிறிஸ்தவர், அரபு, லத்தீன் இரண்டிலும் தேர்ச்சி உள்ளவர். அரபியில் ராபி இப்னு ஸைத் என்று பெயர். அவர் முதலில் யோவானிடம் வந்து, உங்கள் ஊரில் என்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று ஜாக்கிரதையாக விசாரித்துக்கொண்டார். பிறகு அரண்மனைக்குப் போய், எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். எல்வீரா என்ற ஊரின் பிஷப் பதவி அப்போது காலியாக இருந்தது. அது அவருக்குக் கிடைத்தது. குமாஸ்தா ஒரே நாளில் பிஷப்பாகிவிட்டார். அரசாங்க உத்தியோகத்தில் இப்படிப்பட்ட பிரமோஷனை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

955-ல் புறப்பட்ட ரெஸிமுண்டு பத்து வாரத்தில் கோர்ஸ் மடம் சேர்ந்தார். குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு, ப்ராங்க்பர்ட்டில் ஓட்டோவைப் பார்த்தார். அங்கே அவர் சந்தித்த லியுட்பிராண்டு என்ற இத்தாலியப் பாதிரியைத் தம் காலத்துச் சரித்திரத்தை எழுதும்படி தூண்டிவிட்டார். அந்த நூல் ரெஸிமுண்டுக்கே சமர்ப்பணமாக எழுதப்பட்டு இன்றும் இருக்கிறது. இதற்குள் ஓட்டோவின் கோபமும் ஆறியிருந்தது. சொந்த மகனும் மருமகனும் செய்த கலகத்தையும், ஹங்கேரியரின் படையெடுப்பையும் சமாளித்து மீண்ட மன்னர் அவர். பழைய கடிதம் வேண்டாம். காணிக்கை கொடுத்துச் சமாதானமும் நட்பும் பேசி, கொள்ளைக்காரரின் தொல்லையை நிறுத்தப் பாருங்கள் என்று புது உத்தரவு கொடுத்தார். வெர்தூன் நகரத்துத் தூதோ என்பவரும் புதுத் தூதராகக் கூட வந்தார். 956-ம் வருஷம் ஜூன் மாதத்தில் இருவரும் கார்டோவா வந்து சேர்ந்தார்கள்.

மதீனத்துஸ் ஸஹ்ராவின் நடுப்படியில் உள்ள கொலுமண்டபத்துக்கு வாசகர்கள் இப்போது நம்முடன் வர வேண்டும். 1944-ல்தான் இது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. நீலமும் செந்நிறமும் கலந்த பளிங்குத் தூண்கள். சுவர் முழுவதும் கல்லில் செதுக்கிய கொடி, இலை, பூ. 1010-ம் வருஷத்தில், உள்நாட்டுக் கலகத்தின்போது, கலீபாவின் படையைச் சேர்ந்தவர்களே இந்நகரத்தைச் சூறையாடினார்கள். எழுபத்தைந்து வருஷம்கூட நிறையாத நகரம் அத்துடன் போயிற்று. செதுக்குக் கற்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளாய்ச் சிதறின. தலைமுறை தலைமுறையாக நிபுணர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, பொருத்தி, சுவரில் ஏற்றி வருகிறார்கள். தூண்களின் அடியிலும் தலையிலும் உள்ள எழுத்துக்களில் மண்டபம் கட்டப்பட்ட வருஷங்கள் காணப்படுகின்றன. நம் கணக்கில் 953 முதல் 957 வரை. அதாவது, இரண்டு மைல் தூரத்து வீட்டில் துறவி ஜபம் செய்துகொண்டு காத்திருந்த அதே வருஷங்களில், தூதர்களை வரவேற்கும் இந்த மண்டபத்தில் உளி ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. துறவியின் பேட்டி நடந்த அறை எதுவென்று லத்தீன் சரித்திரம் பெயர் சொல்லவில்லை. கலீபாவின் வாசம் அப்போது இந்நகரத்தில்தான் என்பதால், இங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

பேட்டிக்கு முன்னும் ஒரு தகராறு. தலைமுடியைத் திருத்திக்கொண்டு, குளித்து, நல்ல உடை உடுத்து வர வேண்டும் என்று சொன்னார்கள். துறவி மறுத்தார். மாற்றுடை இல்லை போலும் என்று நினைத்துக் கலீபா பத்து ராத்தல் நாணயம் அனுப்பினார். துறவி அதை வாங்கி ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, அரசரின் கொடையை அவமதிக்கவில்லை, ஆனால் மடத்து உடையைத் தவிர வேறொன்று உடுத்த மாட்டேன் என்றார். செய்தியைக் கேட்ட கலீபா, சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாலும் வரட்டும், எனக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது என்று சொன்னாராம்.

அன்று வழி நெடுக இருபுறமும் படை. ஈட்டி ஊன்றிய காலாட்கள், அவர்களுக்குப் பின்னே குதிரை வீரர்கள். கோடையின் உச்சம், காய்ந்த புழுதி மேகமாய் எழும்பிற்று. வாயிலிலிருந்து தரையெங்கும் விலையுயர்ந்த விரிப்புகள். கலீபா தன்னந்தனியாக ஓர் ஆசனத்தில் சாய்ந்திருந்தார். யோவான் அருகே சென்றதும், முத்தமிடுவதற்கு உள்ளங்கையை நீட்டினார். அது யாருக்கும் எளிதில் கிடைக்காத மரியாதை. பிறகு உட்காரச் சொன்னார். இருவரும் நெடுநேரம் மௌனமாக இருந்தார்கள்.

மூன்று வருஷத்து மனக்கசப்பையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு போன துறவிக்கு அந்த மௌனத்தில் என்னவோ ஆயிற்று. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கலீபா பேசினார். இத்தனை நாள் காக்க வைத்ததற்குக் காரணம் வெறுப்பல்ல என்றார். துறவி அரசரின் நிதானத்தைப் புகழ்ந்து பேசினார். காணிக்கைகள் ஒப்படைக்கப்பட்டன. உடனே விடை கொடுக்க வேண்டும் என்று துறவி கேட்டதற்குக் கலீபா இசையவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்து இப்போதுதான் முகம் பார்த்தோம், அதற்குள் அன்னியரைப்போல் பிரிவதா? இன்னொரு முறை சந்தித்தால் இன்னும் கொஞ்சம் அறிமுகமாவோம், மூன்றாம் முறை சிநேகிதராவோம் என்றார்.

யோவான் நல்லபடியாக ஊர் திரும்பினார். பின்னர் கோர்ஸ் மடத்துக்கே தலைவரானார். ரெஸிமுண்டு கலீபாவின் காரியமாகக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் ஜெருஸலேமுக்கும் போய் வந்தார். ஹஸ்தாய் 958-ல் பம்ப்லோனா சென்று, உடல் பருமனால் குதிரையேற முடியாமல் ராஜ்யத்தை இழந்திருந்த ஸாஞ்சோ மன்னருக்கு வைத்தியம் பார்த்து, அவரையும் அவர் பாட்டியாரான தோதா ராணியையும் கார்டோவாவுக்கே அழைத்து வந்துவிட்டார். அது தனியே எழுத வேண்டிய கதை. ப்ராக்ஸினேத்துக் கொள்ளைக்காரர்களோ 973-ம் வருஷ வாக்கில்தான் ஒழிந்தார்கள். அதுவும் அந்தப் பிரதேசத்துப் பிரபுக்களின் வாளால்.

அப்படியானால் கலீபாவும் துறவியும் என்ன உடன்படிக்கை செய்துகொண்டார்கள்? யோவானின் சரித்திரத்தை எழுதியவர் மெட்ஸ் நகரத்து மடாதிபதி ஒருவர். அதன் கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. பாரிஸ் நூல்நிலையத்தில் இருக்கிறது. இரண்டாவது பேட்டியை அது விவரிக்கிறது. கலீபா ஓட்டோவின் பலத்தையும் செல்வத்தையும் பற்றி விசாரிக்கிறார். துறவி தம் மன்னரை விட்டுக் கொடுக்காமல் பேசுகிறார். உங்கள் மன்னர் புத்திசாலிதான், ஆனால் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார் கலீபா. அதிகாரத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் உற்றார் உறவினருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறாரே, மகனும் மருமகனும் செய்ததைப் பார்த்தீரா, அன்னியப் படையை நாட்டுக்குள்ளேயே அழைத்து வந்தார்களே என்று பேச்சு வளர்கிறது. அந்த இடத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலே, ஏடு அறுந்து போய்விடுகிறது.